தொடக்ககால எக்ஸ்எல்பிஇ கேபிள்கள் விரைவில் பழுதானது ஏன்?

கேள்வி: எண்ணெய் ஊறிய காகிதக் காப்பும் ஈய உறையும் கொண்ட 11 கிலோவோல்ட் கேபிள்கள் பல அரை நூற்றாண்டு உழைத்திருக்க, 1970களில் பதித்த எக்ஸ்எல்பிஇ (குறுக்குப்பிணைத்த பாலிஎத்திலீன் என்ற நெகிழிக் காப்பு கொண்ட) கேபிள்கள் பல அதற்கு வெகு முன்பே பழுதானது ஏன் என்று விளக்க முடியுமா?

பதில் 1: முதன்மைக் காரணம் ‘நீர் மரம்’ எனப்படும் சிதைவுதான். ஈய உறை இல்லாத கேபிள்களில் மண்ணின் ஈரம் காப்புக்குள் ஊடுருவி, மின்புலம் செறியும் இடங்களில் கிளை கிளையாக நுண்ணிய சிதைவுகளை உண்டாக்கியது. போதாக்குறைக்கு, அக்காலத்தில் நீராவியைக் கொண்டு குறுக்குப்பிணைப்பு (நெகிழியின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று இணைத்தல்) செய்ததால், தொழிற்சாலையிலேயே ஈரமும் நுண்குமிழிகளும் காப்பில் தங்கின.

பதில் 2: காப்பில் மின்புலத்தைச் சீராக்கும் திரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கடத்தியின் காப்பையும் தனித்தனியே உலோகத் திரையால் மூடும் முறையை ஹோக்ஷ்டேட்டர் என்ற பொறியாளர் காகிதக் கேபிளிலேயே கொண்டுவந்திருந்தார். ஆனால் முதல் தலைமுறை எக்ஸ்எல்பிஇயில் குறைகடத்தித் திரை பெரும்பாலும் நாடாவாகவோ கிராஃபைட் பூச்சாகவோ இருந்ததால் காப்போடு முழுமையாக ஒட்டவில்லை; அந்த இடைவெளிகளில் மின்புலம் செறிந்தது. உள்திரை, காப்பு, வெளித்திரை என மூன்று அடுக்குகளையும் ஒருசேர வார்க்கும் முறையும் நீராவி இல்லாத உலர்முறைப் பிணைப்பும் பரவிய பின்னரே நிலைமை மாறியது.