புதுப்பிப்பு: அம்மாவின் எலும்பு அடர்த்தி ஸ்கேன்

அம்மாவின் டெக்ஸா (எலும்பு அடர்த்தி ஸ்கேன்) ரிப்போர்ட்டில் முதுகெலும்பு டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) -0.8, தொடை எலும்புக் கழுத்தில் -2.7. எதை நம்புவது என்று இங்கே கேட்டிருந்தேன். சேலத்தில் எலும்பு டாக்டரைப் பார்த்தாயிற்று. இரண்டில் குறைவான எண்தான் கணக்கு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்.

சரி, முதுகு மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது? டாக்டர் ஸ்கேன் படத்தையே காட்டினார். எல்3, எல்4 என்ற கீழ்முதுகு எலும்புகளின் ஓரங்களில் எலும்பு முள் வளர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. வயதினால் வரும் தேய்மானம். மெஷின் அந்த முள்ளையும் சேர்த்தே அளப்பதால் அடர்த்தி கூடுதலாக வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட எலும்புகளை ஒதுக்கிவிட்டுத்தான் முதுகைக் கணக்கிட வேண்டும். தயவுசெய்து ரிப்போர்ட்டின் கடைசி வரியோடு நிறுத்தாதீர்கள், படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இசட்-ஸ்கோர் பற்றிக் கேட்டவர்களுக்கு: அது அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு அதைப் பார்ப்பார்கள்.

மருந்து தொடங்கும் முன் வைட்டமின் டி, கால்சியம், கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாடு) பரிசோதனை எழுதியிருக்கிறார். அடுத்த ஸ்கேனும் அதே மெஷினில்தான்; வேறு மெஷின் எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. அப்புறம், ஏற்காட்டு வீட்டில் மழைக்கு வழுக்கும் வாசல்படிக்கு இந்த வாரமே கைப்பிடி போடுகிறோம்.