சம்மர்ஸ்லாம் 92 கெசட்: கடைசி மெட்ச் முழுசா இருந்த கொப்பி ஆரிட்டயாவது இருந்ததா?

கடற்கரைப்பக்கம் எழுதியது:

90களில கொழும்பில வீடியோ கடையில கெசட் எடுத்துப் பார்த்த ஆக்களிட்டத்தான் இந்தக் கேள்வி. 1992 ஓகஸ்ட் 29, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில நடந்த சம்மர்ஸ்லாம் எண்ட டபிள்யூடபிள்யூஎஃப் ரெஸ்லிங் ஷோ. உங்கட பக்கம் ஓடின கொப்பியில கடைசி மெட்ச் முடியுற வரைக்கும் இருந்ததா?

எங்களுக்கு இருந்தது வெள்ளவத்தையில, காலி வீதியிலயிருந்து கடல் பக்கம் இறங்கிற லேன் மூலைக் கடை. ரெஸ்லிங்குக்கெண்டு தனியா ஒரு தட்டு வச்சிருந்தார். ஒரிஜினல் ஒண்டும் இல்லை, எல்லாம் கொப்பிக்குக் கொப்பி அடிச்சது. கவரில படம் கிடையாது. வெள்ளைக் கடதாசியில நீலப் பேனையால 'சமர் சலாம் லண்டன்', அதுக்குக் கீழ சிவப்பில 'ரீவைண்ட் பண்ணித் தரவும்'. போட்டால் முதல்ல ஒரு பழைய தமிழ்ப் பாட்டு ஓடும், அடுத்த பாட்டு பாதியில வெட்டுப்பட்டு, நேரா வெம்ப்ளி.

லீஜன் ஒஃப் டூம் எண்ட ரெண்டு பேர் சோடி மோட்டர் சைக்கிளில வாற இடத்தில சிவப்பு நிறம் கோட்டை விட்டு வெளியில வழியும். அண்டர்டேக்கர் சவ வண்டியில பின்னால நிண்டபடி வருவார். எங்கட கொப்பியில இருட்டோட இருட்டா ஒரு தொப்பி மட்டும் அசையும். அவரும் கமாலாவும் மோதினது சும்மா ஒரு நாலு நிமிசம்தான், ஆனா அந்த வருகைக்காகவே ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்தம்.

கடைசி மெட்ச் பிரெட் ஹார்ட், பிரிட்டிஷ் புல்டோக். இன்டர்கொன்டினென்டல் பெல்ட், அதாவது ரெண்டாவது பெரிய சாம்பியன் பட்டத்துக்கு. பொக்ஸர் லெனொக்ஸ் லூயிஸ் பிரிட்டிஷ் கொடியைத் தூக்கிக்கொண்டு புல்டோக்குக்கு முன்னால வருவார். எங்கட லேன் பெடியள் முக்கால்வாசிப் பேர் பிரெட் பக்கம். அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டி முன்வரிசைச் சின்னப் பிள்ளைக்குப் போட்டுவிடுறதே காணும்.

இரண்டு பேரும் களைச்சு விழுந்து கிடக்கேக்க, பிரெட் படுத்த படுக்கையிலயே புல்டோக்கின்ட காலைத் தன்ட காலுக்குள்ள கோர்த்து, அப்பிடியே திருப்பி ஷார்ப்ஷூட்டர் எண்ட தன்ட கால் பூட்டைப் போடுவார். சனம் எழும்பும். புல்டோக் கயிறைப் பிடிக்கக் கையை நீட்டுவார். கை போய்ச் சேரேல்லை, 'டக்' எண்டு ஒரு சத்தம், திரை முழுக்க புள்ளி. பிறகு டெக் தன்ட பாட்டில 'கிர்ர்' எண்டு ரீவைண்ட் பண்ணத் தொடங்கும். கெசட் அவ்வளவுதான்.

பிறகென்ன, லேன் இரண்டாப் பிரிஞ்சுது. ஷார்ப்ஷூட்டரிலயிருந்து ஆர் தப்புவான் எண்டது ஒரு கட்சி. சொந்த ஊர்ச் சனத்துக்கு முன்னால ஆளைத் தோக்க விடுவாங்களா எண்டது மற்றக் கட்சி. கடைக்காரரைக் கேட்டால், "தம்பி, நான் பார்க்கிறது எம்ஜிஆர் படம்" எண்டார்.

போன மாசம் இன்டர்நெட்டில முழுசாப் பார்த்தன். புல்டோக் கயிறைப் பிடிச்சிடுறார். அதுக்குப் பிறகு கொஞ்ச நேரந்தான். பிரெட் ஆளுக்கு மேலால பாய்ஞ்சு உருட்டி விழுத்துற சன்செட் ஃபிளிப் போடப் போக, புல்டோக் அப்பிடியே அவருக்கு மேல இருந்து, இரண்டு காலையும் கொளுவி மூண்டு எண்ண வச்சிடுறார். அந்தச் சத்தம்! அறிவிச்ச கணக்கு 80,355 பேர். சும்மா சொல்லக்கூடாது, இப்ப பார்த்தாலும் நிமிர்ந்து இருக்க வைக்கிற மெட்ச்.

இன்னொண்டு. விசிடி வந்து கடை பூட்டேக்க அந்தக் கெசட்டை நான் வாங்கி வச்சனான். இப்ப கெசட்டின்ட கண்ணாடி ஜன்னலுக்குள்ளால பார்த்தால் ரீல் ஓரத்தில வெள்ளையா என்னவோ படிஞ்சிருக்கு. டெக்கில போடலாமா?

மருதானை_டெக்_பொடியன் எழுதியது:

மச்சான், எங்கட ஏரியா கொப்பியும் வெட்டுதான். காரணம் எனக்குத் தெரியும், ஸ்கூல் விட்டு வந்து மாமாட கடையில கெசட் அடிச்சது நான்தானே.

ரெண்டு டெக்கை கேபிளால இணைச்சு, ஒண்ணுல பிளே, மத்ததுல ரெக்கோர்ட். ஈ-180 கெசட்டில சாதாரண ஸ்பீட்ல மூணு மணித்தியாலம் பிடிக்கும். இந்த ஷோ ரெண்டரை மணித்தியாலத்துக்கு மேல. புதுக் கெசட்டா இருந்தா வசதியா உள்ளுக்குப் போயிரும். ஆனா புதுக் கெசட் விலை. அதனால பழைய பாட்டுக் கெசட்டத்தான் எடுப்போம், அதுவும் எல்லாம் ஈ-180 இல்ல, நீளம் குறைஞ்சதும் கலந்து கிடக்கும். ஸ்டிக்கர் உரிஞ்சிருந்தா எது எவ்வளவு நீளம்னு யாரு பார்க்கிற? முன்னுக்குப் பாட்டு கிடந்த இடத்தில இருந்து ரெக்கோர்ட அமத்திட்டு நான் கிரிக்கெட் விளையாடப் போயிருவேன். திரும்பி வந்தா கெசட் தானா நின்டிருக்கும். கடைசியில என்ன வெட்டுப்பட்டிச்சுன்னு ஒருத்தனும் போட்டுப் பார்க்கிறதில்ல. அதில இருந்து பத்துக் கொப்பி அடிச்சு மத்தக் கடைக்கும் போகும். உங்கட கடைக்காரர் எங்களிட்ட எடுத்தாரோ என்னவோ!

மெட்சைப் பத்திச் சொன்னா, எனக்கு அதே ஷோவில நடந்த வோரியர், ரெண்டி சவேஜ் மெட்ச்தான். மிஸ்டர் பெர்ஃபெக்ட் யாருட பக்கம்னு முழு ஷோவும் இழுத்து, கடைசியில ரிக் ஃபிளேர் கதிரையால சவேஜுட முழங்கால்ல ஒரு அடி. சவேஜுக்கு ரிங்குக்குள்ள வர ஏலாம கவுண்ட் அவுட். வோரியர் வெண்டார், ஆனா கவுண்ட் அவுட்டில பெல்ட் கை மாறாது, அது சாம்பியன் சவேஜிட்டயே. இந்தச் சட்டத்த வாப்பாக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு. "வெண்டவனுக்கு இல்லாத சாமான் என்னத்துக்கு?" என்டு கேட்டாரு. நியாயமான கேள்விதான்.

கொட்டாஞ்சேனை_கிழக்கு எழுதியது:

எங்களிட்ட இருந்தது ஒரிஜினல், ஆனா பிரயோசனம் இல்ல. டொரொண்டோவில இருந்து சித்தப்பா பார்சலில அனுப்பினது. டிவி சிஸ்டம் வேற, கனடாவில என்டிஎஸ்சி (NTSC), இங்க பால் (PAL). எங்கட பழைய டெக்கில போட்டா கலரும் இல்ல, படமும் மேல மேல உருண்டுகொண்டே போகும். சத்தம் மட்டும் கண்ணாடி மாதிரி. வின்ஸ் மெக்மேனும் பொபி ஹீனனும் கதைக்கிறதக் கேட்டுக்கொண்டு, ரேடியோ மாதிரி முழு ஷோவையும் கேட்டோம்.

96ல சிங்கப்பூரில இருந்து ஒரு மல்டி சிஸ்டம் டெக் வந்திச்சு. வந்த வருசமும் பார்த்து வந்திச்சு! மழை இல்லாம நீர்த்தேக்கம் எல்லாம் வத்தி, நாள்ல பல மணித்தியாலம் கரண்ட் கட். புல்டோக் வெளிய வர, கரண்ட் போச்சு. மெழுகுதிரியைப் பிடிச்சுக்கொண்டு சனம் எல்லாம் டெக்குக்கு முன்னால. கரண்ட் வந்த பிறகு பார்த்து முடிச்சோம். அதனால கொட்டாஞ்சேனையில ஆர் வெண்டது எண்டதில சண்டை இருக்கேல்ல.

தெஹிவளை அக்கா எழுதியது:

ரெண்டு தம்பிமாரோட வளந்தவள் நான், வேற வழியில்லாமப் பார்த்தது. ஆனா நீங்கள் ஒருத்தரும் டயானாவைப் பத்திச் சொல்லேல்லையே. புல்டோக்கின்ட மனுசி, பிரெட்டுக்குத் தங்கச்சி. புருசனும் அண்ணனும் அடிபட, அவ பார்வையாளர் வரிசையில இருக்கிறா. கமெரா அடிக்கடி அவவின்ட முகத்துக்குப் போகும். எங்கட அம்மா அடுப்பில கறியை வச்சிட்டு வந்து நிண்டு பார்த்தது அந்த ஒரு மெட்ச் மட்டுந்தான். "மாப்பிள்ளையும் மச்சானும் இப்பிடி அடிபட்டால் நாளைக்கு வீட்டில எப்பிடிச் சாப்பிடுறது?" எண்டா. முடிய, பிரெட் முதல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு வந்து கட்டிப்பிடிக்க, மூண்டு பேருமா நிப்பினம். அம்மா அதோட திருப்தியாக் குசினிக்குப் போயிட்டா.

இதையும் கேளுங்கோ. தொடங்கின கொஞ்ச நேரத்திலயே புல்டோக்குக்கு மூச்சு வாங்கி, பேசி வச்சது எல்லாம் மறந்து போச்சாம். முழு மெட்சையும் தான்தான் சொல்லிச் சொல்லி நடத்தினதெண்டு பிரெட் பிற்காலத்தில சொல்லியிருக்கிறார். இனிப் பார்க்கேக்க பிரெட் கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிற இடங்களைக் கவனியுங்கோ. வாய் எங்க இருக்கெண்டு பாருங்கோ, நேரா மற்றவரின்ட காதடியில. தோத்தவர்தான் அண்டைக்கு வேலை செய்தவர் எண்டு நான் சொல்லுவன். தம்பிமார் இப்பவும் ஒத்துக்கொள்ள மாட்டாங்கள்.

கடற்கரைப்பக்கம் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னதைப் பார்த்திட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தன். உண்மைதான், ஒரு இடத்தில சொண்டு அசையிறது நல்லாத் தெரியுது. அதுக்காகப் புல்டோக்கின்ட பங்கைக் குறைக்க எனக்கு மனமில்லை. பிரெட்டைத் தலைக்கு மேல தூக்கிறதும், அந்த ஓடுற பவர்ஸ்லாமும் ஆரும் காதுக்குள்ள சொல்லி வாற விசயமில்லை. 2002ல 39 வயசில செத்துப்போனார் மனுசன்.

மருதானைத் தம்பி, நீ கிரிக்கெட் விளையாடப் போனதால எங்கட லேனில எத்தின சிநேகிதம் முறிஞ்சுது தெரியுமா? கெசட்டைப் பத்தி ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

பழுதுபாக்கிறவன் எழுதியது:

டெக்கில போடாதீங்க. அந்த வெள்ளை பூஞ்சணம். கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடுகள்ல ஈரக் காத்துக்கு வாறதுதான். அப்பிடியே போட்டா டெக்கின்ட ஹெட் அடைச்சு, அடுத்ததாப் போடுற நல்ல கெசட்டுக்கும் பரவும். பூஞ்சணம் ஒட்டிக்கொண்டிருந்தா ரீல் கிழியவும் கூடும்.

முதல்ல மத்தக் கெசட்டுகள்ல இருந்து பிரிச்சு வைங்க. பிறகு ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பைக்கெட் போட்ட டப்பாவில கொஞ்ச நாள் மூடி வைங்க. காய்ஞ்ச பிறகு துப்புரவாக்கத் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்க. மூக்குக்கும் வாய்க்கும் ஏதாவது கட்டிக்கொண்டு திறக்கச் சொல்லுங்க, அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது. துப்புரவாக்க பழைய டெக் ஒண்டை ஒதுக்கி வச்சிருக்கிற ஆளாப் பாருங்க. ஒருதரம் ஓடக்கூடிய நிலைக்கு வந்தா, அந்த ஓட்டத்திலயே கம்பியூட்டருக்கு ஏத்திப்போடுங்க, ரெண்டாந்தரத்துக்கு நம்பி இருக்காதீங்க.

முன்னால இருக்கிற பாட்டையும் சேர்த்து ஏத்துங்க. என்ன பாட்டு அது?