ஊழியர்களை உட்காரவிடும் ஜவுளிக்கடை மதுரையில் உண்டா?

பல ஆண்டுகளாக எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் துணி எடுத்துவந்த மதுரை ஜவுளிக்கடைக்கு, அங்குள்ள விற்பனைப் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்ப்பதால், இனிப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பொறுமையாகச் சுங்குடியை விரித்துக் காட்டும் அக்காவின் வீங்கிய கணுக்காலைப் பார்த்த பிறகு, அங்கே உட்கார்ந்து சேலை பார்க்க மனம் ஒப்பவில்லை. ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் எனத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தமே வந்துவிட்டது. மேலாளரிடம் பேசினேன்; எழுதியும் கொடுத்தேன். அதன்பின் வந்த ஸ்டூல்களில் துணிக்கட்டுகள்தாம் இருக்கின்றன. தொழிலாளர் துறையில் புகார் செய்தால் பழி அந்தப் பெண்கள்மேல் விழுமோ என்று அஞ்சுகிறேன். மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் விசாரித்தும் பயனில்லை. தை மாதம் தங்கைக்குத் திருமணம். முகூர்த்தப் பட்டு எடுக்க வேண்டும். ஊழியர்கள் உண்மையிலேயே உட்கார்ந்து இளைப்பாறக்கூடிய ஜவுளிக்கடை மதுரையிலோ திண்டுக்கல்லிலோ நீங்கள் நேரில் பார்த்தது எது?