மாமாவின் ரிங்மாஸ்டரும் பெயர் கேட்க மறந்த ஐயாவும்

கடற்கரைப்பக்கம்

இரண்டு கம்பியின் நுனியில் எஞ்சின் வைத்த சின்ன ப்ளேனைக் கட்டி, கையில் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பறக்கவிடுகிற கண்ட்ரோல் லைனைப் பற்றி இந்தக் குழுவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதமாக மண்டைக்குள் குடைகிறது.

மாமாவின் ப்ளேன், ரிங்மாஸ்டர். 77இல் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள் அல்லவா, அதற்கு அடுத்த வருடம் கப்பலில் வேலை செய்த யாரோ கொண்டுவந்து கொடுத்த ஸ்டெர்லிங் கம்பனிப் பெட்டி, துண்டுகளை நாமே ஒட்டிச் செய்வது. 42 அங்குல இறக்கை, ஃபொக்ஸ் 35 எஞ்சின். மாமா கனடாவுக்குப் போனபின் வெள்ளவத்தையில் அம்மம்மா வீட்டுப் பரணில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கிடந்தது. பட்டுத்துணி கருவாடு மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. வாலில் மேலும் கீழும் அசைகிற எலிவேட்டரை எலி தின்றிருந்தது. சிரிக்க வேண்டாம், உண்மையாகவே எலிதான். எஞ்சின் அசையவே இல்லை, பழைய ஆமணக்கெண்ணெய் உள்ளே பிசினாக இறுகியிருந்தது. தங்கச்சியின் ஹெயர் டிரையரால் சுடவைத்து மெதுவாக ஆட்டி ஆட்டி மூன்று பின்னேரம் போனது.

மாற்றங்களும் செய்தேன். லைனின் இழுப்பை எலிவேட்டருக்குக் கடத்துகிற 2 அங்குல நைலோன் பெல்கிராங்கை எடுத்துவிட்டு 3 அங்குலம் போட்டேன். இறக்கை நுனியில் லைன் வெளியே வருகிற ஓட்டைகளை முன்பின் நகர்த்தக்கூடியதாக்கினேன். பட்டுக்குப் பதில் சூட்டில் ஒட்டுகிற பிலிம். எலிவேட்டருக்கு பாரமில்லாத பால்சா மரம் கிடைக்காமல் கையில் இருந்த ப்ளைவூட். அந்தக் கடைசி வேலைதான் வினையாகப் போனது. ஹேண்டில் மட்டும் பழையதே. மரத்தில் செதுக்கியது, கை பட்டுப் பட்டுக் கறுத்தது.

ஞாயிறு காலை, இரத்மலானைப் பக்கம் ஒரு மைதானம். மச்சான் ப்ளேனைப் பிடித்திருந்து விட்டான். ப்ளேன் எழும்பியது, ஆனால் நேராக ஓடவில்லை. ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். கை கொஞ்சம் அசைந்தாலே குதிரை மாதிரித் துள்ளியது. எரிபொருள் முடியும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இறங்கியபின் பார்த்தால் மைதானத்து ஓரத்தில் ஒரு ஐயா. எழுபது இருக்கும். சாரம், வெள்ளைச் சேர்ட், கையில் சொப்பிங் பை, அதற்குள்ளிருந்து வல்லாரைக் கட்டு எட்டிப்பார்த்தது. வந்தார். ஒன்றும் பேசவில்லை. ப்ளேனைத் தூக்கி இறக்கைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துப் பார்த்தார், வால் பொத்தென்று தொங்கியது. மடியைத் தடவி மூன்று ஐந்து ரூபாய்க் குற்றி எடுத்தார். சாரத் தலைப்பால் மூக்குப் பக்கத்து எண்ணெயைத் துடைத்து, என் பெட்டியிலிருந்த கறுப்பு டேப்பால் குற்றிகளை அங்கே ஒட்டினார். பிறகு கையை நீட்டினார். ஹேண்டிலைக் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள், கொடுக்கத்தான் தோன்றியது.

வட்டத்துக்குள் போகும் முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

இரண்டு சுற்று மட்டமாக. எஞ்சின் கொரகொரவென்று சோம்பலாக ஓடியது. மூன்றாவது சுற்றில் மூக்கைத் தூக்கினார், அது ‘ங்ங்ங்’ என்று சத்தம் மாறித் தலைக்கு மேலால் போனது. பிறகு தலைகீழ். தரையிலிருந்து ஆள் உயரத்தில், ஐந்து செக்கனுக்கு ஒரு சுற்று, கயிறு கட்டி இழுத்ததுபோல ஒரே மட்டம். அதே ப்ளேன்! அவர் முழங்கை அசைந்ததாகவே தெரியவில்லை.

இறக்கியபின் ஹேண்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரலால் ஒரு இடத்தைத் தேய்த்தார். என்னிடம் சிங்களத்தில் “அனித் எக்க கோ?” என்றார். மற்றது எங்கே என்று. எந்த மற்றது என்று நான் கேட்பதற்குள் காலி வீதியில் 101 பஸ் வந்துவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு, அந்த வயதில் ஓடி ஏறினார். பெயர் கேட்கவில்லை. பதினைந்து ரூபாயும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மற்றது என்றால் எது?

குறடு

தம்பி, ஹெயர் டிரையர் போதும் என்று எழுதாதே, வாசிக்கிற பெடியள் அதையே செய்வார்கள். உனக்கு அதிர்ஷ்டம்.

என் கதை சின்னது. 90களில் புறக்கோட்டையில் பழைய சாமான் கடையில் ஒரு என்யா 15 எஞ்சின் கிடைத்தது. இறுகியிருந்தது. பஞ்சிகாவத்தையில், வாகன உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவில் வேலை செய்கிற எனக்கு இறுகின எஞ்சின் ஒரு விஷயமா என்று ஷாஃப்டைக் குறடால் பிடித்துத் திருப்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கொனெக்டிங் ரொட் வளைந்துவிட்டது. அந்த ‘டிக்’ இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். ப்ளாஸ்டிக், ரப்பர் எல்லாவற்றையும் கழற்று. பழைய சட்டி ஒன்றில் ரேடியேட்டர் கூலண்ட் ஊற்றி எஞ்சினை அதற்குள் போடு. கொதிக்க விடாதே, கை வைக்க முடியாத சூடு, அது போதும். இரவு முழுக்க. காலையில் ஆமணக்கெண்ணெய்ப் பிசின் எல்லாம் பழுப்புத் தோலாக உரிந்து வரும், பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அலுமினியம் புதிது மாதிரி. கழுவி, காயவைத்து, உடனே எண்ணெய் விடு. இல்லாவிட்டால் பெயாரிங் உள்ள எஞ்சினில் துரு ஏறும். உன்னுடைய ஃபொக்ஸில் பெயாரிங் இல்லை, புஷ் என்கிற வெறும் உலோகக் குழாய்தான், பரவாயில்லை. கூலண்ட் நஞ்சு, அந்தச் சட்டி திரும்பக் குசினிக்குள் போகக்கூடாது. என் மனைவி மூடியைத் திறந்து பச்சையாக என்ன பாயசம் என்று கேட்டவள். அன்றிலிருந்து சட்டி கராஜில்.

இன்னொன்று. ஃபொக்ஸ் 35க்கு ஆமணக்கெண்ணெயைக் குறைக்காதே. இப்போதைய எஞ்சின்களுக்கு விற்கிற செயற்கை எண்ணெய் மட்டும் உள்ள எரிபொருளை அதற்குள் ஊற்றினால் புஷ் போய்விடும்.

மற்றது எது என்று எனக்குத் தெரியாது.

கொட்டாஞ்சேனையான்

எனக்கும் ஒன்று இருந்தது, சின்னது, கொக்ஸ் 049 எஞ்சின் போட்டது. அதை நானே பழுது பார்த்தேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல.

2007. மார்ச் 26ஆம் திகதி கட்டுநாயக்காவில் புலிகளின் விமானம் குண்டு போட்டது. அதற்கு இரண்டு கிழமை கழித்து நான் ஒரு ப்ளேனைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். அறிவு இல்லை. இருபது வயது.

சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். சாக்கைப் பிரித்தார்கள். ப்ளேன், சுருளில் இரும்புக் கம்பி இரண்டு, போத்தலில் மெதனோல். ஒவ்வொன்றாக மேசையில் வைக்க வைக்க எனக்கு வியர்த்தது. என்ன இது? விளையாட்டு. என்ன விளையாட்டு? என் சிங்களத்தில் பெல்கிராங்கை எப்படி விளக்குவது? கடைசியில் லைனைக் கொழுவி ஹேண்டிலைக் காவலுக்கு நின்ற பெடியனிடமே கொடுத்தேன். என் வயதுதான் அவனுக்கும். மேலே சாய்த்தான், எலிவேட்டர் மேலே போனது. கீழே சாய்த்தான், கீழே வந்தது. சிரித்துவிட்டான். திரும்பச் செய்தான். திரும்ப. பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், இவன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு எலிவேட்டரை ஆட்டிக்கொண்டு நிற்கிறான்.

பிறகு பெரியவர் வந்தார். பெயர், முகவரி, ஊர் எல்லாம் கொப்பியில் ஏறியது. அன்றிரவே வீட்டுக்கு வந்தார்கள். அப்பா அந்த ப்ளேனைக் கிணற்றடியில் வைத்து எரித்தார்.

அந்தப் பெடியனின் சிரிப்புத்தான் அடிக்கடி வருகிறது. பழுது பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் பேசுங்கள், வாசிக்கிறேன்.

நாலு செல்

முதலாவது ஆளுக்கு: மற்றது என்றால் மணிக்கட்டுக் கயிறு. வேறென்ன? உங்கள் எழுத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஹேண்டிலில் அதைக் கட்டும் இடத்தைத்தான் தேய்த்துப் பார்த்திருப்பார்.

எனக்கும் நடந்தது. மழை தூறிய நாள், வழுவழுப்பான ப்ளாஸ்டிக் ஹேண்டில், வியர்த்த கை. நழுவிவிட்டது. ப்ளேன் ஹேண்டிலையும் இழுத்துக்கொண்டு மதிலுக்கு மேலால் போய்ப் பக்கத்து வீட்டு ஓட்டில் இறங்கியது. ஆறு ஓடு. யாருக்கும் படவில்லை.

ஆகவே கேளுங்கள். மணிக்கட்டுக் கயிறு இல்லாமல் எஞ்சினைத் தொடக்கூடாது. ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன் இழுத்துப் பாருங்கள். ஒருவர் ப்ளேனைப் பிடிக்க, மற்றவர் ஹேண்டிலில் தராசைக் கொழுவி ப்ளேனின் பாரத்தைப்போல் பத்து மடங்கு இழுக்க வேண்டும். ஒரு கிலோ என்றால் பத்துக் கிலோ. அதிகம் என்று நினைக்கலாம். அறுபது அடி லைனில் ஐந்து செக்கன் சுற்றிலேயே இரண்டரை மடங்குக்கு மேல் இழுக்கிறது, சுழற்றி அடிக்கும்போது இன்னும் கூடும். நாற்பது வருடப் பழைய பெல்கிராங்க் தட்டை மாற்றினீர்கள், நல்லது. ஆனால் அதைத் தாங்குகிற ப்ளைவூட்டின் பசையைப் பார்த்தீர்களா? இறக்கைக்குள் பழைய பசை கண்ணாடி மாதிரி வெடித்திருக்கும். லைன் முடிச்சில் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றுங்கள். முக்கியமானது, மின்கம்பி. உங்கள் லைன் இரும்பு, கையில் பிடித்திருப்பது நீங்கள். கம்பியில் பட்டு உயிர் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். கொழும்பில் எந்த மைதானத்து ஓரத்தில் மின்கம்பி இல்லை, சொல்லுங்கள்? ஈரப் புல் வேறு.

குற்றியை விட்டுவிட்டு ப்ளைவூட் எலிவேட்டரைக் கழற்றி எறியுங்கள். வால் பாரத்துக்கு மூக்கில் பாரம் வைப்பது, பாரத்துக்கு மேல் பாரம். முடிந்தால் எஞ்சினையே எடுத்துவிட்டு மோட்டாரும் நாலு செல் பற்றரியும் போடுங்கள். டைமர் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தானே நிற்கும். எண்ணெய் நாற்றமும் இல்லை.

குறடு

ஃபொக்ஸ் 35ஐ எடுத்துவிட்டு மோட்டார் போடச் சொல்கிற ஆளோடு நான் பேசுவதாக இல்லை. மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு மோட்டார் சைக்கிளில் போனானாம் ஒருவன்.

கயிறு, மின்கம்பி பற்றிச் சொன்னது சரி. அதை ஒத்துக்கொள்கிறேன்.

தெகிவளை அக்கா

தம்பிமார் எல்லோரும் பறக்கவிட்ட கதைதான் சொல்கிறீர்கள். பிடித்து விட்டவர்கள் கதை யாருக்கும் வேண்டாம் போல.

நான் பிடித்து விட்டவள். 74 என்று நினைவு. அண்ணாவிடம் ஒரு ஈ.டி. பீ, ஒரு சி.சி. டீசல் எஞ்சின். மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய், ஈதர் மூன்றையும் கலந்து ஊற்ற வேண்டும். ஈதரை எங்கிருந்து எடுத்தான் என்று இன்றைக்கும் சொல்லமாட்டான். பால்சா இறக்குமதி இல்லாத காலம். மரக்காலையில் லுணுமிதெல்ல பலகை வாங்கி வந்து சீவு சீவென்று சீவினான். வள்ளத்துக்கு மிதவை செய்கிற மரம், பாரம் இல்லாதது என்றான். பாரம் இல்லாததுதான், வள்ளத்துக்கு.

முழங்காலில் இருந்து வாலைப் பிடித்திருந்தேன், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு. எஞ்சின் கத்தத் தொடங்கியதும் ஆமணக்கெண்ணெய் முழுக்க என் மேல்தான். அண்ணா அங்கிருந்து தலையை ஆட்டினான், விட்டேன். எழும்பவில்லை. தரையிலேயே செக்கு மாடு மாதிரிச் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு, பத்து. அண்ணா நடுவில் நின்று தானும் சுற்றுகிறான், ஹேண்டிலை நெற்றிவரை தூக்கிவிட்டான், அது எழும்பினால்தானே! எண்ணெய் தீரும்வரை புல்லை வெட்டியது. தலை சுற்றி அவன் கீழே விழுந்தான். நான் சிரித்தேன். அதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சட்டையில் அந்த மணம் போகவே இல்லை. அம்மா சவர்க்காரக் கட்டை முழுதாகத் தேய்த்தும் போகவில்லை. இப்போதும் மருந்துக்கடையில் ஆமணக்கெண்ணெய் மணந்தால் சிரிப்பு வந்துவிடும்.

மற்றது என்று அந்த ஐயா கேட்டது ஆளைத்தான் என்று எனக்குப் படுகிறது. கயிறைக் கேட்பவர் கயிறு என்று கேட்டிருப்பார்.

நாலு செல்

அக்கா, ஆளைக் கேட்பதென்றால் சிங்களத்தில் ‘அனித் எக்கனா’ என்று வரும். ‘எக்க’ என்றால் பொருள்.

கடற்கரைப்பக்கம்

எல்லோருக்கும் நன்றி. மணிக்கட்டுக் கயிறு இப்போது கட்டியிருக்கிறேன். இழுத்தும் பார்த்தேன். பெல்கிராங்குக்குக் கீழே பசை ஒரு பக்கம் விட்டிருந்தது உண்மைதான், அதற்குத் தனியாக நன்றி. மோட்டார் போடமாட்டேன். கொட்டாஞ்சேனை அண்ணை, ஒரு ஞாயிறு வாருங்கள், ஹேண்டிலைத் தருகிறேன்.

நேற்றிரவு மாமாவுக்குப் போன் எடுத்தேன். எழுபத்திரண்டு வயது, காது மந்தம், மாமி பக்கத்திலிருந்து திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு ப்ளேன் இருந்ததா என்று கேட்டேன். இல்லை, ஒன்றுதான் என்றார். பிறகு கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

“ஹேண்டில் எது வைச்சிருக்கிறாய்? அலுமினியமா, மரமா?”

மரம் என்றேன்.

“அப்ப அது என்ரை இல்லை.”

யாருடையது என்று கேட்டால், அந்த நாளில் இரத்மலானைப் பக்கத்துப் பெடியள் பலபேர் வருவார்கள், ஆளுக்காள் மாற்றிக்கொள்வோம் என்கிறார். ஒரு பெயரும் வரவில்லை. உயரமா கட்டையா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். மாமியும் அலுமினிய ஹேண்டிலைக் கண்டதில்லையாம்.

பெருவிரல் தேய்த்த இடத்தை இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கத்தியால் கீறிய இரண்டு கோடு இருக்கிறது. எழுத்து என்று சொல்ல முடியாது. பூச்சு அடிக்கலாம் என்று போன மாதம் அரத்தாள் வாங்கி வைத்திருந்தேன், நல்ல காலம் கை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே நிற்பேன். வல்லாரை விற்கிற இடம் அந்தப் பக்கம் எங்கே என்று யாருக்காவது தெரியுமா?