மதுரை மிஷன் கடிதங்களைப் பார்க்க நூலகப் பயண உதவித்தொகை: ஆய்வுப் பட்டம் இல்லாதவர் விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. என் பாட்டனாரின் தாயார் 1878இல் ஐந்து வயதுக் குழந்தையாகத் தம் தாயுடன் சென்னையில் கப்பலேறி, இன்று தென்னாப்பிரிக்காவின் பகுதியாக உள்ள நேட்டாலுக்கு வந்தவர். கப்பல் பட்டியலில் அவர்களுடைய காலனி எண் (வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் கொடுத்த பதிவு எண்), தகப்பன் பெயர், வயது, தாலுக்கா, உடலில் இருந்த தழும்பு வரை கிடைத்துவிட்டன. மதுரை ஜில்லா, திருமங்கலம் தாலுக்கா என்று எழுதியிருக்கிறது. அந்தத் தாய் ஒரு குழந்தையோடு ஊரை விட்டுக் கிளம்பும்படி அங்கே என்ன நடந்தது என்பதை மட்டும் எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

இதைத் தேடும்போதுதான், 1810இல் தொடங்கப்பட்டு, பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷன் வாரியம் 1834இல் மதுரையிலும் அதற்கடுத்த ஆண்டே நேட்டாலிலும் பணியைத் தொடங்கியது என்று அறிந்தேன். திருமங்கலத்திலேயே அவர்களுக்கு ஒரு நிலையம் இருந்திருக்கிறது. இரண்டு இடங்களிலிருந்தும் பாஸ்டனுக்குச் சென்ற கடிதங்கள் இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் ஒரே தொகுப்பில் இருக்கின்றன. என் முன்னோர் புறப்பட்ட ஊரையும் வந்து இறங்கிய ஊரையும் பற்றி ஒரே வாரியத்தின் ஆட்கள் எழுதியவை ஒரே கட்டடத்தில் இருக்கின்றன என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைவில்லை.

பல்கலைக்கழக நூலகங்கள் தங்கள் ஆவணத் தொகுப்புகளைப் பயன்படுத்த வருவோருக்குப் பயண உதவித்தொகை வழங்குவதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு முனைவர் பட்டமும் இல்லை, எந்தப் பல்கலைக்கழகத்தின் முகவரியும் இல்லை. என்னைப் போன்றவர் விண்ணப்பித்தால் பொருட்படுத்துவார்களா? விண்ணப்பத்தில் எதை எழுத வேண்டும்?

பதில் 1: பீட்டர்மாரிட்ஸ்பர்க் முன்னாள் நூலகர்

அம்மா, வணக்கம். பட்டத்தைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒவ்வொரு விதி உண்டு என்றாலும், பட்டத்தையே கேட்காத இடங்களும் இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் ரூபன்ஸ்டைன் நூலகம் 1,500 டாலர் வரை தரும் பயண உதவித்தொகைக்கு மாணவர்கள், பேராசிரியர்கள், கலைஞர்கள், எந்த நிறுவனத்தையும் சாராத ஆய்வாளர்கள் என அனைவரும் விண்ணப்பிக்கலாம். நூலகத்திலிருந்து 100 மைலுக்கு அப்பால் வசிக்க வேண்டும் என்பதே முக்கியமான நிபந்தனை. உங்களுக்கு வேண்டிய தொகுப்பு அங்கே இல்லை என்பதால் அந்த உதவித்தொகை உங்களுக்குப் பயன்படாது. அந்தந்த நூலகம் தன் தொகுப்புக்கு வருவோருக்கு மட்டுமே பணம் தரும். ஹோட்டன் நூலகமும் வருகை ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. அதன் நிபந்தனைகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் ஒரு வரி விடாமல் வாசியுங்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. விண்ணப்பங்களைப் படிக்கும் குழு உங்கள் குடும்பக் கதையால் நெகிழலாம், ஆனால் அதற்காகப் பணம் தராது. "இந்தத் தொகுப்பில், இந்தப் பிரிவில், இந்த ஆண்டுகளுக்குரிய கடிதங்களை, இந்தக் கேள்விக்காகப் பார்க்க வருகிறேன்" என்று எழுதுபவருக்குத்தான் தரும். ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே அத்தொகுப்பின் விளக்கப் பட்டியலை இணையத்தில் படித்து முடித்திருக்க வேண்டும். நேட்டால் கடிதங்கள் ஏபிசி 15.4 என்ற எண்ணிலும் மதுரைக் கடிதங்கள் ஏபிசி 16.1.9 என்ற எண்ணிலும் உள்ளன. இந்த எண்களை மேற்கோள் காட்டும்போதே நீங்கள் யாரென்று குழுவுக்குப் புரிந்துவிடும். எந்தப் பட்டமும் அந்த வேலையை அவ்வளவு நன்றாகச் செய்யாது.

ஆண்டுகளையும் சுருக்குங்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் அனுப்புவது 1866இல் நின்றுபோய் 1874இல் மீண்டும் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். உங்கள் முன்னோர் கப்பலேறியதும் 1878. ஆக 1874 முதல் 1880 வரையான கடிதங்கள் என்று எல்லை வைத்துக்கொண்டு, பஞ்ச காலத்தில் மக்கள் ஊரை விட்டுப் போனதை மதுரைப் பாதிரியார்கள் எப்படி எழுதினார்கள், அதே ஆண்டுகளில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த இந்தியர்களை நேட்டால் பாதிரியார்கள் எப்படிப் பார்த்தார்கள், அல்லது பார்க்காமலே விட்டார்கள் என்று கேளுங்கள். இது ஒரு மாதத்தில் முடிக்கக்கூடிய, வேறு எந்த ஊரிலும் முடிக்க முடியாத வேலை. "நேட்டால் தமிழர் வரலாறு" என்று தலைப்பிட்டால் பத்து ஆண்டுகளும் போதாது.

இன்னொன்று. அந்த வாரியத்தின் நேட்டால் கிளை இங்கே வைத்திருந்த ஆவணங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் ஏ 608 என்ற தொகுப்பாக இருக்கின்றன. ஒப்பந்தத்தில் வந்த இந்தியர்களுக்குப் பொறுப்பாக இருந்த அரசு அதிகாரியான 'இந்தியக் குடியேறிகளின் காப்பாளர்' அலுவலகக் கோப்புகளும் அதே காப்பகத்தில்தான் உள்ளன. டர்பனிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மினிபஸ்ஸில் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடலாம். முதலில் இவற்றைப் பார்த்து முடியுங்கள். வீட்டு வாசலில் இருப்பதைப் பார்க்காதவர் கடல் கடந்து வர ஏன் பணம் கேட்கிறார் என்று எந்தக் குழுவும் கேட்கும், நியாயமான கேள்விதான்.

பதில் 2: வெஸ்ட்வில் ஆய்வு மாணவர்

நூலகர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த வாரியத்தின் ஆவணங்களில் பெரும்பகுதி மைக்ரோபிலிமாகவும் (பக்கங்களைச் சிறிதாகப் படம்பிடித்த பிலிம் சுருள்) வெளியிடப்பட்டிருக்கிறது. "பிலிமில் பார்க்கக்கூடியதற்கு நேரில் ஏன் வர வேண்டும்?" என்ற கேள்விக்கு விண்ணப்பத்திலேயே பதில் சொல்லிவிடுங்கள். பிலிமில் சேராதவை எவை, மங்கிப்போய் வாசிக்க முடியாதவை எவை என்று அந்த நூலகத்தின் ஆவணக் காப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் பதில் அனுப்புவார்கள். நான் வேறொரு நூலகத்துக்கு விண்ணப்பித்தபோது, காப்பாளரின் மின்னஞ்சலால்தான் எனக்கு வேண்டிய பெட்டி வெளிக் கிடங்கில் இருப்பதும், அதை வரவழைக்க முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தன. தெரியாமல் போயிருந்தால் நான்கு நாள் வெறுமனே உட்கார்ந்திருப்பேன்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏ 608 பற்றி இத்தனை ஆண்டுகளில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. பணம் எப்போது கைக்கு வரும் என்பதையும் சொன்னால் நல்லது. ஓய்வூதியத்தில் இருப்பவள் விமானச் சீட்டுக்கு முன்பணம் போடுவது எளிதன்று.

பதில் 3: லெனேசியா அக்கா

தங்கை, இந்தக் கேள்வியை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டது மிகவும் நல்லது. நான் கேட்காமல் போய்ப் பட்டேன். பல நூலகங்கள் முதலில் நாமே செலவு செய்து, திரும்பி வந்தபின் ரசீதுகளை அனுப்பினால் ஈடு செய்யும் முறையைத்தான் வைத்திருக்கின்றன. நான் சென்ற நூலகத்திலிருந்து பணம் வந்து சேர நான்கு மாதங்கள் ஆயின. அதுவரை என் மகனிடம் வாங்கிய கடனுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. டாலரில் அறிவிக்கும் தொகை அங்கே வசிப்பவருக்கு ஒரு வாரச் செலவைத் தாங்கலாம். தென்னாப்பிரிக்க நாணயமான ராண்டில் சம்பாதித்து ஜோகன்னஸ்பர்க் வழியாக அட்லாண்டிக்கைக் கடக்கும் நமக்கு விமானச் சீட்டோடு தீர்ந்துவிடும்.

ஆகவே தேர்வானதும் மூன்று செய்திகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் முன்னதாக வருமா, பின்னதாகவா? நூலகமே சீட்டு வாங்கித் தருமா? வெளிநாட்டவர் என்பதால் அமெரிக்க வரிப் பிடித்தம் உண்டா? பிடித்தம் இருந்தால் கையில் வரும் தொகை கணிசமாகக் குறையும், அதைக் கணக்கில் கொள்ளாமல் அறை எடுத்துவிடாதீர்கள். எந்த வகை விசாவில் வர வேண்டும் என்பதையும் நூலகத்தையே கேளுங்கள். அழைப்புக் கடிதம் கையில் கிடைத்த பிறகே விசா நேர்காணலுக்கு நாள் குறியுங்கள். வரவுசெலவுத் திட்டத்தில் தொகையைக் குறைத்துக் காட்டினால் பரிவு கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். உண்மையான விமானக் கட்டணத்தை எழுதி, மீதியை எங்கிருந்து ஈடுகட்டப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பயணம் உண்மையில் நடக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வர வேண்டும்.

பதில் 4: பீட்டர்மாரிட்ஸ்பர்க் முன்னாள் நூலகர்

பரிந்துரைக் கடிதம் கேட்டால், உங்கள் ஆவண வாசிப்பை நேரில் கண்ட ஒருவரிடம் வாங்குங்கள். பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் பொதுவான பாராட்டைவிட அது மேல். பாதிரியார்களின் கையெழுத்து 1870களின் சாய்வெழுத்து. மேலூர், மண்டபசாலை, வத்தலக்குண்டு ஆகிய ஊர்களை அவர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் விதம் முதல் பார்வையில் பிடிபடாது. தமிழ் தெரிந்தவர் ஒலித்துப் பார்த்தவுடனே ஊரைக் கண்டுபிடித்துவிடுவார். இதை உங்கள் தகுதியாகத் தயங்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள் அம்மா. குழுவில் இருப்பவர்களுக்கு இல்லாத திறமை அது.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை

அப்படியே செய்கிறேன் ஐயா. வரும் செவ்வாய்க்கிழமை பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு வந்து ஏ 608இன் பட்டியலைப் பார்க்கப் போகிறேன். 1874 முதல் 1880 வரை அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று குறித்துக்கொண்டு, இல்லாதவற்றின் பட்டியலோடு ஹோட்டன் காப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதுவேன். வந்த பதிலை இங்கே பகிர்கிறேன்.