ஸ்ட்ரக்சர்டு கேபிளிங்: கட்டமை வடமா, கட்டமை கேபிளா?

கடலூரிலிருந்து:

நண்பர்களே, தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஸ்ட்ரக்சர்டு கேபிளிங்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும். ‘கட்டமைக்கப்பட்ட கேபிளிங்’ என்று எழுதியிருந்தேன். “அப்போ மத்த கேபிளெல்லாம் கட்டமைக்காததா சார்?” என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. விஷயம் இதுதான், அலுவலகத்தில் கணினிக்கும் தொலைபேசிக்கும் பொதுவாகக் கேபிள் இடும் முறை: ஒவ்வொரு மேசைக்கும் சுவரில் ஒரு முனை, அங்கிருந்து ராக்கில் (கருவிகளை அடுக்கும் சட்டத்தில்) இருக்கும் பேட்ச் பேனல் வரை, அதாவது எல்லா ஓட்டங்களும் வந்து சேரும் பலகை வரை, ஒரே ஓட்டம், நடுவில் ஜாயின்ட் கிடையாது. இந்த ஓட்டம் 90 மீட்டரைத் தாண்டக்கூடாது; இரு பக்கத்துப் பேட்ச் கார்டுகளையும் (கருவியோடு இணைக்கும் குட்டைக் கேபிள்களையும்) சேர்த்து 100 மீட்டர். நாளைக்கு அந்த மேசையில் கணினி போய்த் தொலைபேசி வந்தாலும் சுவரை உடைக்க வேண்டாம். ராக்கில் மாற்றிக் குத்தினால் போதும்.

வில்லியனூரிலிருந்து:

வடம் இருக்கக் கேபிள் எதற்கு ஐயா? எங்கள் ஊர்த் தேர்வடம் புரிபுரியாக முறுக்கியது. உங்கள் கேபிளிலும் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகள். ‘வள்’ என்னும் வேரிலிருந்து வளை, வட்டம், வடம் என்று வந்ததென்பது என் துணிபு. மணிவடத்தையும் எண்ணிப் பாருங்கள். ‘நிரல்வடம்’, அதாவது ஒழுங்காக அமைந்த வடம், என்று வையுங்கள்.

பண்ருட்டியிலிருந்து:

நிரல் என்றாலே பிள்ளைகள் புரோகிராம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நிரலாக்கம் நிலைத்துவிட்டது, இனி அந்தச் சொல்லை மீட்க முடியாது. ‘கட்டமை’யை மட்டும் வைத்தால் குடிநீர், ஊறுகாய் போல வினைத்தொகை, ‘க்கப்பட்ட’ என்ற வால் போய்விடும். வடம் வடசொல்லா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் நான்குக்கும் தொல்காப்பியர் செய்யுளிலேயே இடம் கொடுத்திருக்கிறார். பாடக்குறிப்பில் கேபிள், வேற்றிடத்திலிருந்து வந்த திசைச்சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

புதுச்சேரியிலிருந்து:

இருபது வருஷமாகக் கேபிள் இழுக்கிறவன் சொல்கிறேன். வில்லியனூர் அண்ணன் கோபிக்கக்கூடாது. தேர்வடத்தை ஊரே சேர்ந்து இழுக்கும். இந்தக் கேபிளைப் பதினொரு கிலோ விசைக்கு மேல் இழுத்தால் உள்ளே முறுக்கு கலைந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, டெஸ்டரில் வைத்தால் ஃபெயில் ஆகும். பஞ்ச் பண்ணும்போதும், அதாவது கம்பிகளைப் பேனலில் அழுத்திப் பொருத்தும்போதும், முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க விடமாட்டேன். வடம் என்று படித்து வரும் பையன் பலம் காட்டத்தான் பார்ப்பான். அப்புறம், பிரெஞ்சில் இதை ‘ப்ரேகாப்லாஜ்’ என்றும் சொல்வார்கள், அதாவது முன்கூட்டியே இடுவது. எந்தக் கருவி வரும் என்று தெரிவதற்கு முன்பே இடுகிறோம் இல்லையா? ‘முன்னிடு கேபிள்’ எப்படி?

வில்லியனூரிலிருந்து:

சொல்லுக்குப் பலம் ஒன்றுதான் பொருளா தம்பி? மணிவடத்தைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறோம், யாரும் இழுப்பதில்லை.

கடலூரிலிருந்து:

முன்னிடு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் தேர்வுத்தாளில் மாணவன் அதை அடையாளம் காணமாட்டான். பண்ருட்டி நண்பர் சொன்ன கட்டமை சரியாகப் பட்டதால் ‘கட்டமை கேபிள் முறை’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். பதினொரு கிலோவும் அரை அங்குலமும் பாடத்தில் சேர்ந்துவிட்டன, நன்றி.

வில்லியனூரிலிருந்து:

கட்டமை சரி. கேபிளுக்கு நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். பேட்ச் பேனலை அப்படியே விட்டுவிட்டீர்களா?