புராடக்ட் மேனேஜர் என்பவர் எதற்கு?

பின்தளக்காரன்:
பன்னிரண்டு ஆண்டுகளாக நிரல் எழுதுகிறேன். மென்பொருளில் எதைச் செய்வது என்று முடிவெடுக்க வேண்டிய புராடக்ட் மேனேஜர்கள் ஏழு பேரைப் பார்த்துவிட்டேன். வாடிக்கையாளர் கேட்டதை விற்பனைக் குழு அவர்களிடம் சொல்லும். அவர்கள் அதை ஜிரா என்ற பணிப்பட்டியல் மென்பொருளில் டிக்கெட்டாகப் போடுவார்கள். “இதற்கு என்ன அர்த்தம்?” என்று நாங்கள் கேட்டால், மறுபடி விற்பனைக் குழுவிடமே ஓடுவார்கள். இந்தத் தபால் வேலைக்கு ஒரு பதவியா? வணிகத் தரப்பினரும் நிரலாளர்களும் தினமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது, மென்பொருள் உருவாக்கும் முறை பற்றி 2001இல் வெளியான அஜைல் அறிக்கையின் கொள்கைகளில் ஒன்று. நடுவில் ஓர் ஆளை நிறுத்தச் சொல்லி அதில் எங்கேயும் இல்லை.

கயல்விழி:
நீங்கள் பார்த்தது ஏழு எழுத்தர்களை. நான் புராடக்ட் மேனேஜர்தான், அதனால் கோபம் வரத்தான் செய்கிறது. எங்கள் கணக்கு மென்பொருளில் அறிக்கையை பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ள வசதி வேண்டும் என்று பலர் கேட்டார்கள். மூன்று வார வேலை என்றார்கள் நிரலாளர்கள். நான் ஒரு கணக்காளர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்தேன். அவர் அறிக்கையை அச்செடுத்தார், மூன்று எண்களைப் பேனாவால் வட்டமிட்டார், அவற்றை இன்னொரு திரையில் தட்டச்சு செய்தார். அந்தத் திரையும் எங்களுடையதுதான்! எண்கள் தாமாகவே அங்கே போய்ச் சேரும்படி செய்தோம். நான்கு நாளில் முடிந்தது. அதன்பிறகு பிடிஎஃப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பின்தளக்காரன்:
நல்ல கதை. அந்த நாற்காலியில் ஒரு நிரலாளரை உட்கார வைத்திருந்தால் அவருக்கு மட்டும் கண் தெரியாதா?

பழைய கீபோர்டு:
நானும் நிரலாளர்தான். எங்கள் நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் செய்தோம். யாரோடு பேசினாலும் அவர் கேட்பது நியாயமாகப் பட்டது, சிக்கலே அதுதான். கடைசியில் எங்கள் மென்பொருளின் அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தில் 43 பொத்தான்கள். ‘தேதியைப் பழைய முறையில் காட்டு’ என்ற பொத்தான் நான் வைத்தது, ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக. அவர் எங்களை விட்டுப் போய்விட்டார், பொத்தான் போகவில்லை. முடியாது என்று சொல்வது யாருடைய வேலையாகவும் இல்லை.

கயல்விழி:
அதையேதான் சொல்கிறேன். 1931இல் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் பொறுப்பாக ஆள் வேண்டும் என்று மூன்று பக்கக் குறிப்பு எழுதினார். எங்கள் பதவியின் வேர் அங்கே இருக்கிறது. அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் வழிகாட்டியும், எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் புராடக்ட் ஓனர் என்பவர் ஒரு தனி ஆள், குழு அல்ல என்கிறது.

பின்தளக்காரன்:
பொறுப்பா? வெளியீட்டுத் தேதியை வாக்குக் கொடுப்பது நீங்கள். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் எழுந்து உட்காருவது நான். 2023இல் தங்குமிட முன்பதிவுத் தளமான ஏர்பிஎன்பியின் தலைவர் பிரையன் செஸ்கி, வழக்கமான புராடக்ட் மேனேஜர் பணியை எடுத்துவிட்டோம் என்றபோது டிசைனர்கள் மாநாட்டில் கைதட்டினார்களே, ஏன்?

கயல்விழி:
அரைச் செய்தியைச் சொல்கிறீர்கள். அவர் அந்தப் பணியைச் சந்தைப்படுத்தும் பணியோடு இணைத்தார். வேலை மறையவில்லை. ஆனால் நள்ளிரவுச் சர்வர் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நிரலாளர்களைக் கேட்காமல் நானும் தேதி கொடுத்திருக்கிறேன்.

பின்தளக்காரன்:
கீபோர்டு ஐயா, அந்தத் தேதிப் பொத்தான் இன்னும் இருக்கிறதா?

பழைய கீபோர்டு:
இல்லை. புதிதாக வந்த புராடக்ட் மேனேஜர் முதல் மாதமே எடுத்துவிட்டார். எனக்குத் தெரியாமல் இன்னும் மூன்று வாடிக்கையாளர்கள் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், புகார் வந்தது. மூவரையும் அவரே தொலைபேசியில் அழைத்து, திட்டையும் வாங்கிக்கொண்டார்.

பின்தளக்காரன்:
என் ஏழு பேரில் ஒருவரும் அந்தத் தொலைபேசியைத் தொட்டதில்லை. அவர் வேறு வேலை தேடினால் எனக்குச் சொல்லுங்கள். மற்றபடி என் கருத்தில் மாற்றமில்லை.